ஒரு டப்பா கூட நகரக் கூடாது

சீரியலிலோ சினிமாவிலோ மளிகைக் கடை வந்துவிட்டால், அதை அத்தையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். கதையை விட அத்தையின் ஏச்சு நன்றாக இருக்கும். அத்தை என்றால் என் மாமியார். சென்னையை ஒட்டிய பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. கீழே அவரும் கடையும், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த எனக்குக் கல்யாணமான புதிதில் அத்தை பேசுவதில் பாதி புரியாது. டிவியைப் பார்த்துத் திட்டுவது மட்டும் முதல் நாளே புரிந்துவிட்டது.

"இவளும் ஒரு கடக்காரியா? காலங்காத்தால கல்லாவுல குந்திகினு அழுதுகினு கீறா. யாவாரத்த யாரு பாக்குறது, இவங்கப்பனா?"

கதாநாயகன் கடைக்குள் புகுந்து சண்டை போட்டு, வில்லனைத் தூக்கிப் பருப்பு மூட்டை மேல் எறிவான். ஊரே விசில் அடிக்கும் இடம். அத்தைக்கு வயிறு எரியும். "அய்யய்யோ, அந்தப் பருப்ப இனிமே எவன் வாங்குவான்?" என்பார். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று ஒரு கவலையும் கிடையாது.

கடந்த இரண்டு வருஷத்தில் அந்த ஏச்சு கொஞ்சம் மாறியிருந்தது. "டப்பாவெல்லாம் காலி பாப்பா. கீய வெக்கிற சத்தத்துலயே தெரியுது பாரு, ஏமாத்துறானுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். எனக்குக் கேட்கவே கேட்காது. என்ன ஒரு காது என்று வியந்ததோடு சரி, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சீரியல்காரர்கள் சிலர் எங்கள் கடையையே கேட்டு வந்தார்கள். கணவனை இழந்த ஒரு பெண் மளிகைக் கடை நடத்துகிற கதையாம். செட் போட்டால் செட்டு மாதிரியே இருக்கிறது, ஆரம்பக் காட்சிகளுக்காவது நிஜக் கடை வேண்டும் என்றார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"எத்தினி பேரு வேணா வா. எம்மாம் பெரிய லைட்டு வேணா போடு. ஒரு டப்பா கூட நவுறக் கூடாது, ஆமா."

ஆர்ட் டைரக்டர் பணிவாகத்தான் கேட்டார். "கலர் பார்த்து கொஞ்சம் மாத்தி அடுக்கிக்கிறோம்மா. முடிச்சிட்டு இருந்த மாதிரியே வெச்சிக் குடுத்துடுவோம்."

"நான் பெத்த புள்ளயே ஒயுங்கா வெக்க மாட்டான், நீ வெப்பியா? இஸ்டம்னா எடு, இல்லாங்காட்டி வேற கட பாரு."

பெற்ற பிள்ளை என்றது என் வீட்டுக்காரரை. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் சரக்கு எடுத்து வந்து, கை போன இடத்தில் இறக்கிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் கீழே சத்தம் கிளம்பும். "சோப்பு எடத்துல இன்னாத்துக்குடா சேமியாவ வெச்ச?" அத்தைக்கும் எனக்கும் மூக்கு நுனியில் கோபம். "ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிகினேன்பா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார் மனுஷன். அதனால் அந்தச் சத்தத்தை நான் வெறும் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

டப்பாக்களை நகர்த்தாமலே படம் பிடிக்க ஒத்துக்கொண்டார்கள். கடைக்காரியாக நடிக்கிற நடிகை இரண்டு நாள் முன்னதாகவே வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அத்தையைக் கவனித்தார். நல்ல பெண். அத்தை போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, அவர் கை போகும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

படப்பிடிப்பு அன்று அந்த நடிகை திணறிப்போனார். வாடிக்கையாளரைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பின்னால் திரும்பாமல் அலமாரித் தட்டிலிருந்து கடுகை எடுக்க வேண்டும். ஒரு முறை வெந்தயம் வந்தது. ஒரு முறை ஊதுபத்தி. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கேமராவுக்குப் பின்னாலிருந்து அத்தை, "இன்னும் ஒரு சாணு மேல கைய வுடுமா, இந்தாண்ட, ஆங்" என்று குரல் கொடுத்தார். தெருவே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சில வாரம் கழித்து அது ஒளிபரப்பானது. கீழே அத்தை அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எங்கள் கடை டிவியில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! அந்த நடிகை கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஆள் வரும் முன்பே செருப்புச் சத்தத்தை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கை பின்னால் போய்ப் பொட்டலத்தை எடுத்தது. அதைக் காதருகே ஒரு குலுக்கு, மூக்கருகே ஒரு இழுப்பு. பேசும்போது முகத்தை நேராக வைக்காமல் ஓரமாகச் சாய்த்துக்கொண்டார்.

"அப்டியே எங்கம்மா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷக்கணக்காகத் தினமும் பார்த்ததுதான். அத்தையிடம் பார்த்தபோது அது அத்தையின் மிடுக்காகத் தெரிந்தது. வேறொரு பெண் அதையே செய்து காட்டியபோது, கண் தெரியாத ஒருத்தி கடையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது பளிச்சென்று தெரிந்தது. காலி டப்பாவின் சத்தம் ஞாபகம் வந்தது. பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கி வைத்து, எல்லாரும் போனிலேயே போடுங்கள் என்று அவர் அடம் பிடித்ததை நாகரிகம் என்று மெச்சியிருந்தேன். தீபாவளிக்கு என் பட்டுச் சேலையைத் தடவிப் பார்த்து "ஷோக்கா கீது" என்றவர், என்ன நிறம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தேன். டிவியைப் பார்க்கிறவர் முகம் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

"அந்தப் பொண்ணு நல்லா பண்ணுதா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா பண்றாங்க அத்தே" என்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கடை திறக்கும் முன்பே கீழே போய் நேராகக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அத்தை படியளக்கும் டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"எடது கண்ணு சுத்தமா இல்ல. இன்னோண்ணுல ஓரமா தெரியும். நடுவுல பொகை மாரி கீது."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு ரெண்டு வருசம்."

"ரெண்டு வருஷமா! மாடியில ரெண்டு பேர் எதுக்கு அத்தே இருக்கோம், மண்ணாங்கட்டிக்கா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபமும் அழுகையும் எப்போதும் சேர்ந்தேதான் வரும்.

அத்தை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அவனாண்ட சொல்லாத பாப்பா. கடைய மூடிட்டு என்ன மாடில குந்த வெச்சிடுவான். மாடிக்குப் போனா நான் குருடி. இங்க நான் கடக்காரி."

டாக்டரிடம் வருவதென்றால் வாயை மூடிக்கொள்கிறேன் என்று பேரம் பேசி அழைத்துப் போனேன். சர்க்கரையால் வந்தது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அதற்கு மேல் மறைக்க அத்தைக்கே மனசு வரவில்லை. சாயங்காலம் மகனைக் கடைக்குக் கூப்பிட்டு, அவரே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் உடனே, "கடைய மூடிடலாம்மா" என்றார்.

"எவனுக்காவது நான் தப்பா குடுத்துகீறேனா?"

"இதுவரிக்கும் குடுக்கல. நாளிக்கு எலி மருந்த எடுத்து எவனுக்காவது குடுத்துட்டா இன்னாமா பண்ணுவ? கொழந்தைங்க வர்ற கட."

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் அத்தை கலங்கவில்லை.

"எலி மருந்து, ஆசிட்டு, பினாயிலு, ஒண்ணும் நான் வெக்கிறதில்ல. கண்ணு மங்கனப்பவே நிறுத்திட்டேன். கடைக்குத்தான வந்துகினு போய்கினு கீற, நீ பாத்தியா?"

அவர் பார்த்திருக்கவில்லை. நானும்தான். அவர் தட்டுகளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். சமையலை முடித்துவிட்டு நான் போனபோது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் அந்த சீரியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடிகையின் கை பின்னால் போய்க் கடுகை எடுக்கும் இடம். முடிந்ததும் திரும்பப் போட்டார். கண் சிவந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அம்மாவும் பிள்ளையும் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு எதுவும் பேசவில்லை. அத்தை வழக்கம்போலக் கடையைத் திறந்தார், மூடினார். ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி நாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். டிவியில் எங்கள் கடையையே காட்டினாலும் ஒரு திட்டு கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சரக்கு வந்தது. வழக்கமாகத் தொம்மென்று இறக்கிவிட்டுப் போகிறவர், சேமியாப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றார்.

"மா, இத எங்க வெக்கணும்?"

கல்லாவில் இருந்த அத்தை முகத்தை ஓரமாகச் சாய்த்தார். "இன்னாடா, புச்சா கேக்குற?"

"சொல்லும்மா. தோளு வலிக்குது."

அத்தை எழுந்து வந்தார். பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார். மகனின் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டுகளின் ஓரமாகவே நடத்திக்கொண்டு போய், ஒரு காலி இடத்தில் அவர் உள்ளங்கையைப் பதிய வைத்தார்.

"இங்க" என்றார். வெகுநேரம் அந்தக் கையை அவர் விடவே இல்லை.