சைதா அக்கா தராமல் வைத்த இரண்டாம் பாகம்

பர்மாவின் மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் சத்தம் கேட்கும் எங்கள் தெருவில், சைதா அக்கா தன் வீட்டு முன்னறையில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். தடித்த நாவல்களை நடுவில் அறுத்து இரண்டு பாகமாகப் பைண்டு செய்வார். இரண்டு வாடகை கிடைக்கும். எந்த இடத்தில் அறுத்தால் படித்தவர் மறுநாளே ஓடிவருவார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பழைய வெளிநாட்டு நாவலின் பர்மிய மொழிபெயர்ப்பை நீதிமன்றக் காட்சியில், தீர்ப்புக்குச் சற்று முன்னால் அறுத்திருந்தார். ஆலைக்குத் தீ வைத்ததாக அதில் ஒரு கறுப்பர் கூண்டில் நிற்கிறார்.

2004இல் அக்காவின் தம்பி நியாஸும் கூண்டில் நின்றார். அவர் வேலை செய்த கிடங்கில் துணிக்கட்டுகள் காணாமல் போயின. அங்கே எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். போலீஸ் பிடித்துப்போனது நியாஸை மட்டும். இந்திய முகம் உள்ளவர்களை இங்கே 'கலா' என்பார்கள். சிலர் பழக்கத்தில் சொல்வார்கள், சிலர் குத்திக்காட்டச் சொல்வார்கள். கிடங்கு முதலாளி இரண்டாவது வகை.

திருட்டு நடந்த மாலை நியாஸ் அக்காவின் கடையில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலியில் உட்கார்ந்து படித்தவர், மாடி வீட்டு பர்மிய அம்மா டாவ் மியா டின். சொந்தக்காரர் அல்லாத ஒரே சாட்சி அவர்தான். கோர்ட் என்றதும், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். போகும்போது அந்த நாவலின் முதல் பாகத்தை எடுத்துப்போனார்.

வாடகைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கருத்து எழுதுவது இங்கே வாசகர்களின் வழக்கம். அக்கா திட்டிக்கொண்டே அழிப்பார். திரும்பிவந்த புத்தகத்தில், சாட்சி விசாரணைப் பக்கத்தில், டாவ் மியா டின் எழுதியிருந்தார்: "கறுப்பனுக்கு வக்கீல் ஒரு கேடா? இவன்தான் செய்திருப்பான்."

அக்கா ரப்பரைக் கையில் எடுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

"ரெண்டாம் பாகம் எங்கே, மா சைதா?" என்று கேட்டார் டாவ் மியா டின்.

"பத்திரமா இருக்கு, ஆன்ட்டி. திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வாங்க, தர்றேன்."

"அடிப்பாவி, புத்தகத்தைப் பிடிச்சு வச்சு மிரட்டுறியா?"

"நீங்கதான் தீர்ப்பே எழுதிட்டீங்களே. இன்னும் என்னத்தைப் படிக்கணும்?"

டாவ் மியா டின் முகம் சிவந்து மாடி ஏறினார். அவர் வருவாரா என்று அக்காவுக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை வரை கடையில் யார் என்ன கேட்டாலும் தப்பான புத்தகத்தையே எடுத்துக்கொடுத்தார்.

ஆனால் வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒரு கலாவுக்காக எதுக்கும்மா இவ்வளவு தூரம்?"

"நான் பார்க்காம இருந்திருந்தா, இவன்தான் செஞ்சிருப்பான்னு நானும் சொல்லியிருப்பேன், ஐயா. ஆனா எதிர்லயே உட்கார்ந்திருந்தேனே! ஊசி குத்தி விரலைச் சப்பிக்கிட்டு இருந்தான்."

"கலாக்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே?"

"உங்களுக்கு அப்படி இருக்கலாம். எனக்கு வருஷக்கணக்கா மேல்தட்டுலேருந்து புத்தகம் எடுத்துத் தர்ற பையனை எனக்குத் தெரியாதா?"

நியாஸை விட்டுவிட்டார்கள். நீதிமன்ற வாசலிலேயே அக்கா பையிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தார்.

டாவ் மியா டின் ஏன் வந்தார் என்று நான் அக்காவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். புத்தகத்துக்காகவா, நியாஸுக்காகவா, எழுதியதை நினைத்து வெட்கப்பட்டா? "அவங்ககிட்டயே கேளேன்" என்பார். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நாவலில் அந்தக் கறுப்பரைத் தூக்கில் போடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்திலும் அதே பென்சில் எழுத்து இருக்கிறது. அக்கா இதையும் அழிக்கவில்லை, முந்தையதையும் அழிக்கவில்லை.

"இவனுக்கு எதிரே யாருமே உட்கார்ந்திருக்கவில்லையா?"