போலாரத்திலிருந்து பட்டான்செருவுக்கு, ஒரு ரப்பர் வளையத்துக்காக

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். நாலு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் நாற்பது வருடம் பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிபார்ம் தைத்தேன். இதை முதலில் சொல்வது பெருமைக்குத்தான். அதோடு, பட்டான்செருவுக்குத் தனியாகப் போய் வந்தவள் யார் என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் எஸ்பிரெஸோ காபி போடும் கைமிஷின் ஒன்று உண்டு. கரண்ட் வேண்டாம். இரண்டு பக்கமும் கைப்பிடி. சல்லடைக் கிண்ணத்தில் பொடியைப் போட்டு அழுத்தி, மேலே கொதிநீர் ஊற்றி, இரண்டு கைப்பிடியையும் கீழே அமுக்க வேண்டும். உள்ளே பிஸ்டன் இறங்கித் தண்ணீரைப் பொடிக்குள் தள்ளும். என் மகன் செந்தில் ஆசையாக வாங்கினான். அவன் அமுக்கினால் புஸ்ஸென்று தெறிக்கும். பதினைந்து நாளில் விட்டுவிட்டான். நான் எடுத்துக்கொண்டேன். பதினாறு கிராம் பொடி. முதலில் லேசாக அமுக்கி, பத்து எண்ணும்வரை ஊறவிட வேண்டும். பிறகு உடம்பின் பாரத்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக அல்ல. காபி நல்லெண்ணெய் மாதிரி ஒரே கோடாக ஒழுகினால் சரி. இது எனக்கு வர ஒரு மாதம் ஆயிற்று.

சின்ன டம்ளரில் போட்டு என் மருமகள் கலாவுக்குக் கொடுப்பேன். ஆபீஸ் வண்டி வருமுன் நின்றபடி குடிப்பாள். நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டாள். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

போன வாரம் பிஸ்டன் பாதியில் இறுகிக்கொண்டது. ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சியது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையம் உப்பி, ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. முந்தின ஞாயிறு கலாதான் பாத்திரத்தோடு அதையும் கழுவினாள். நீதான் கெடுத்தாய் என்றேன். அவள் மறுநாளிலிருந்து பாக்கெட் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் போனாள். செந்தில், பட்டனை அமுக்கினால் காபி இறங்குகிற கரண்ட் மிஷினுக்கு ஆர்டர் போட்டான். சனிக்கிழமை வந்துவிடும், பழையதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான்.

"பட்டனை அமுக்க நான் எதுக்குடா? அதைப் பூனைகூட அமுக்கும்," என்றேன்.

போலாரம் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினேன். பம்பு ரிப்பேர்க்காரர்தான் வழி சொன்னார்: மருந்துக் கம்பெனிக் குழாய்களுக்கு வளையம் செய்கிற இடம் பட்டான்செருவில் இருக்கிறது. வேலூரில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு இங்கே வந்த செந்திலின் மகள் யாழினி, விலாசத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதித் தந்தாள்.

வியாழன் காலை எட்டு பத்துக்குப் புறப்பட்டேன். பிஸ்டனையும் பழைய வளையத்தையும் ரவிக்கைத் துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்திருந்தேன். சிகந்திராபாத் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே ஒன்பதேகாலுக்கு 219ஆம் நம்பர் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, ஆதாரைக் காட்டினால் போதும். அதனால் உட்காரவும் இடம் இல்லை. பாலாநகர் வரை நின்றேன். பிறகு கண்டக்டரம்மா ஒரு பையனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். டப்பாவில் என்ன சாப்பாடு என்று கேட்டார். திறந்து காட்டினேன். இதை எப்படித் தின்பீர்கள் என்று சிரித்தார். கூகட்பல்லியில் பஸ் நகரவே இல்லை. மேலே மெட்ரோ மூன்று முறை எங்களைத் தாண்டிப் போயிற்று.

பதினொன்று ஐந்துக்குப் பட்டான்செரு. இறங்கியதும் மருந்து நெடி மூக்கில் ஏறியது. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

"தாதி, உங்களுக்கு எந்த ஷிப்டு?" என்றார் டிரைவர். இங்கே பாட்டியைத் தாதி என்பார்கள்.

"ஜெனரல் ஷிப்டு," என்றேன். வண்டியே சிரித்தது.

வளையக் கடைக்காரர் பெயர் கலீல் பாய். பேசியது ஹைதராபாத் உருதுவில். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒரு வளையத்துக்காக அச்சுப் போட முடியாது, நூறு என்றால் செய்யலாம் என்றார். நான் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தார்.

"நக்கோ, வேண்டாம் அம்மா, வெயில் ஏறுது. வீட்டுக்குப் போங்க."

"பட்டாளத்துக்காரன் ஒத்தைப் பட்டனோட வருவான். நூறு சட்டை கொண்டான்னு நான் திருப்பி அனுப்பினதில்லை, பாய்."

கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். வளையத்தை விரலால் உருட்டினார், காலிப்பரால் அளந்தார், பிறகு முகர்ந்தார்.

"இதுல மிஷின் எண்ணெய் விட்டது யாரு? தையல் மிஷின் எண்ணெய். இந்த ரப்பர் அதைக் குடிச்சா ஊதிப்போயிடும், அப்புறம் பிய்யும். வயித்துக்கும் ஆகாது."

எனக்குக் காது சூடாயிற்று. கைப்பிடி கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதென்று, என் தையல் மிஷின் குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டது நான். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

"வீட்ல யாரோ," என்றேன்.

"அந்த யாரோகிட்டேருந்து குப்பியைப் பிடுங்கி வைங்க."

"பிடுங்கியாச்சு."

மாதிரித் தட்டில் தேடினார். முதல் வளையம் தொளதொளவென்றிருந்தது, இரண்டாவது ஏறவே இல்லை, மூன்றாவது அப்படியே உட்கார்ந்தது. வளையம் எண்பது ரூபாய். சாப்பாட்டு மிஷினுக்குத் தடவுகிற கிரீஸ் ஒரு சின்ன டப்பி நூற்றைம்பது.

ஒன்றரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஊரைப் பார்த்ததாக நினைவில்லை. வீடு போய்ச் சேர நாலு மணி.

வெள்ளிக்கிழமை காலை வளையத்தை மாட்டி அமுக்கினேன். பத்து எண்ணினேன், பாரம் கொடுத்தேன். ஒரே கோடு. மேலே பொன்னிறத்தில் நுரை படிந்தது. மேசையில் வைத்தேன்.

"ரப்பர் கிடைச்சுதா அத்தை?" என்றாள் கலா.

"கிடைச்சுது."

அவள் கொஞ்சம் நின்றாள். நான் கிரீஸ் டப்பியை மூடி அலமாரியில் வைத்தேன். பாக்கெட் காபியைக் குடித்துவிட்டு வண்டி ஏறிப் போனாள். மேசையில் இருந்தது ஆறிப்போயிற்று.

இன்று சனிக்கிழமை. பட்டன் மிஷின் வந்து, பிரிக்காமல் வாசலில் இருக்கிறது. செந்திலிடம், கைமிஷின் ஓடுகிறது, அதைத் திருப்பி அனுப்பு என்றேன்.

"எனக்கு ஆபீஸ்ல டீ. நீ ஒரு மடக்குக்கு மேல குடிக்கிறதில்லை. குடிக்கிறவ கலா. அவ எதுல குடிக்கிறாளோ அந்த மிஷின் இருக்கட்டும்மா," என்றான்.

சரியாகத்தான் சொன்னான். போலாரத்திலிருந்து பட்டான்செரு நாற்பத்து நாலு கிலோமீட்டர். எங்கள் ஹாலிலிருந்து அடுப்படிக்குப் பதினாலு அடி. முதலாவதைப் போய்வந்துவிட்டேன். மற்றதைத் தாண்டிப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்: எண்ணெய் விட்டது நான். கலா ஒன்றும் கெடுக்கவில்லை. அவளைச் சொன்னது தப்பு.

யாழினி, இங்கே வா. முதலிலிருந்து படித்துக் காட்டு. எழுத்து புரியாவிட்டால் கேள். அந்தக் கடைசி இடம் வரும்போது மட்டும் சத்தமாகப் படி, உங்கம்மா அடுப்படியில் இருக்கிறாள். அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன். அது கொதிப்பதற்குள் படித்து அந்த இடத்துக்கு வந்துவிடு.