எட்டாவது ஊசிக்கு ஒரு வழக்கு

"ஆடி மூன்றாம் வெள்ளி, காலை 11.20. பார்சல் லாரி வந்தது. மரச்சட்டம் அடித்த பெட்டி ஒன்று. இறக்க ஆறு பேர். பிரிக்கவில்லை."

என் குறிப்பேட்டில் அன்றைய குறிப்பு இவ்வளவுதான். வேலையில் இருந்த காலமெல்லாம் அஞ்சல் பிரித்தவன் நான். தேதியும் நேரமும் இல்லாத தாளை நம்ப எனக்கு மனம் வராது. அந்தக் குறிப்பின் கடைசிச் சொல், பின்னால் எங்களைச் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தின் படியேற வைத்தது.

பெட்டி என் தங்கையுடையது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அவள் வீடு. பதினோரு வருடம் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தவள். விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் வரும். அதில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். ஆனி மாதம் வேலையை விட்டாள். வீட்டிலிருந்தே ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி போட்டுத் தருவது அவள் திட்டம். புது மிஷின் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இணையத்தில் ஏலம் விடும் ஒரு தளத்தில், வடக்கே ஏதோ ஊரிலிருந்து ஒருவர் பன்னிரண்டு ஊசி கொண்ட பழைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றைப் போட்டிருந்தார். "நல்ல ஓடும் நிலையில்" என்று எழுதி, மிஷின் மயில் தைக்கும் வீடியோவையும் சேர்த்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோ மூன்று பேரோடு மல்லுக்கட்டி அதை ஏலத்தில் எடுத்தோம்.

கம்பெனி சூப்பர்வைசர் நல்ல மனம் உள்ள பெண். பொங்கல்வரை உன் இடத்தில் நிரந்தரமாக ஆள் போடமாட்டேன் என்று என் தங்கையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குள் மிஷின் சோறு போடவில்லை என்றால் தங்கை மறுபடியும் வேன் ஏற வேண்டும்.

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. பெட்டியைப் பிரிப்பதும் தொடங்குவதில் சேர்த்திதான் என்று தங்கை சொன்னாள். எவ்வளவோ படித்தவன் என்று பெயர் வாங்கிய நானும் தலையாட்டினேன். பெட்டி இருபத்தொரு நாள் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

ஆவணி முதல் வெள்ளி திறப்பு விழா. தங்கையின் கணவர் கோவளம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டாண்டு நண்பர்களோடு சேர்ந்து ஃபிளெக்ஸ் அடிக்க ஏற்பாடு செய்து, அதன் மாதிரியை என் போனுக்கு அனுப்பினார்.

"மச்சான், தப்பு கிப்பு கீதா பாருங்க."

"மாப்ள, இத்தினி மூஞ்சி எதுக்கு?"

"ஒருத்தர உட்டா ஒருத்தர் கோச்சிக்குவாங்க மச்சான். கலியாண வீட்ல பேசமாட்டாங்க."

நடுவில் தங்கையின் படம். அதற்கு மேலே "இளம் தொழிலதிபர்". அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று. கீழே வட்டம் வட்டமாகப் பதினான்கு முகங்கள், அவற்றுக்கு "நிர்வாகக் குழு" என்று தலைப்பு. நான் நேரத்தைச் சரிபார்த்தேன், கிழமையைச் சரிபார்த்தேன். தொழிலதிபர் என்ற சொல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சரி என்று அனுப்பினேன்.

பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டோம். மயில் வளர ஆரம்பித்தது. ஏழாவது ஊசிவரை ஒரு குறையும் இல்லை. எட்டாவது நிறத்துக்கு நகர வேண்டிய ஊசித்தலை, இருந்த இடத்திலேயே இரண்டு தரம் துள்ளி நின்றுவிட்டது. அணைத்துப் போட்டோம். மறுபடியும் அங்கேயே நின்றது. வந்தவர்கள் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தங்கை மட்டும் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏழு ஊசில மயிலு வந்துட்ச்சிண்ணா," என்றாள். "கண்ணுதான் வராது."

விற்றவருக்கு எழுதினோம். பொருள் வந்து ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், ஏலத்தில் விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை என்று பதில் வந்தது. மறுநாள் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். தளத்துக்காரர்கள், நாங்கள் கடைவீதி மாதிரி, சரக்குக்குப் பொறுப்பல்ல என்றார்கள். ஆவணி முடிவதற்குள் விரைவு அஞ்சலில் விற்பனையாளருக்கு நோட்டீஸ் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வந்தது, பதில் வரவில்லை.

வக்கீல் இல்லாமலும் ஆணையத்தில் முறையிடலாம் என்பதை நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். புரட்டாசியில் மனு தயார். நாற்பத்துமூன்று பக்கம், எல்லாவற்றுக்கும் எண் போட்டு, உள்ளடக்கம் எழுதி, நூல் கோத்துக் கட்டினேன்.

"இன்னாண்ணா இது, கலியாண ஆல்பம் கணக்கா கீது," என்றாள் தங்கை. ஆனாலும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேரும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

கார்த்திகையில் விசாரணைக்கு வந்தது. விற்பனையாளருக்காக ஓர் இளம் வக்கீல் வந்திருந்தார். அவரிடம் இரண்டு வாதங்கள். ஏழு நாள் கெடு தாண்டிவிட்டது என்பது ஒன்று. இன்னொன்றுக்கு அவர் ஒரு பெரிய வண்ணப்படத்தை எடுத்து நீட்டினார். எங்கள் ஃபிளெக்ஸ்! மாப்பிள்ளையின் நண்பர் யாரோ முகநூலில் போட்டதாம்.

"வியாபாரத்துக்கு வாங்கின மிஷின் இது. வியாபாரி நுகர்வோர் ஆகமாட்டார். தொழிலதிபர்னு அவங்களே போட்டிருக்காங்க. பதினாலு பேர் நிர்வாகக் குழு."

என் காது சுட்டது. நான் சரிபார்த்து அனுப்பிய தாள் எங்களுக்கு எதிராக மேசைமேல் கிடந்தது.

ஆணையத்தின் பெண் உறுப்பினர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் யாரும்மா? பங்குதாரரா?"

"சொந்தக்காரங்கம்மா."

"இந்தக் கூலிங்கிளாஸ்?"

"எங்க வூட்டுக்காரரும்மா. ஷேர் ஆட்டோ ஓட்றாரு."

பின் பெஞ்சிலிருந்து மாப்பிள்ளை எழுந்து கும்பிட்டார். யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

"கடைசி வட்டத்துல இருக்கறது?"

"நாத்தனாரு கொயந்தம்மா. இன்னும் நடக்கல."

வக்கீலே சிரித்துவிட்டார். உறுப்பினர் சிரிக்கவில்லை. "வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆளாம்மா? மிஷின் வெக்கவே எடம் இல்ல. கட்டில வெளிய தூக்கிப் போட்டுட்டுத்தான் அத்த உள்ள வெச்சோம். நாங்க தரைலதான் படுத்துகினு கீறோம்."

அவர் குனிந்து எதையோ எழுதினார். ஒருவர் தன் பிழைப்புக்காகத் தானே உழைக்க வாங்கும் கருவி வணிகக் கணக்கில் சேராது, வாங்கியவர் நுகர்வோரே என்று பக்கத்தில் இருந்த ஆணையத் தலைவர் சொன்னார். சட்டத்தில் அந்த வரி இருப்பது எனக்குத் தெரியும். என் மனுவின் பதினோராம் பக்கத்திலும் இருந்தது. ஆனால் வேலை செய்தது என் பக்கம் அல்ல, அவளுடைய கட்டில்.

"பெட்டிய ஏன் இருபத்தொரு நாள் பிரிக்கல?"

"ஆடிம்மா."

"ஆடின்னா வடக்க இருக்கறவருக்குத் தெரியுமா?" என்றார் உறுப்பினர். அப்போது நான் எழுந்து பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். விற்பனையாளரின் மயில் வீடியோவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேனோ எனக்கே தெரியாது. அதில் ஓடுவது முதல் ஏழு ஊசிகள்தான். எட்டிலிருந்து பன்னிரண்டுவரை நூலே கோக்கவில்லை. மிஷின் அங்கிருந்து கிளம்பும்போதே இப்படித்தான் இருந்தது என்பது என் வாதம். போனில் ஓட்டிக் காட்டினேன். வக்கீல் எட்டிப் பார்த்தார். பிறகு தன் கட்சிக்காரரிடம் பேச அவகாசம் கேட்டார்.

மதிய உணவுக்குப் பிறகு அவரே தாழ்வாரத்துக்கு வந்தார். சமரசத்துக்குத் தயாராம். மார்கழி முடிவதற்குள் விற்பனையாளர் தன் செலவில் மெக்கானிக்கையும் உதிரிப்பாகத்தையும் அனுப்பிச் சரிசெய்து தருவார். தவறினால் பணத்தைத் தந்துவிட்டு மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆணையத்தின் முன் எழுதிக் கொடுப்பார்.

நான் கூடாது என்றேன். இத்தனை மாதம் உழைத்தது, முத்திரை குத்திய ஒரு தீர்ப்புக்கு. அதில் விற்பனையாளர் செய்தது தவறு என்று எழுதியிருக்க வேண்டும். அதை என் அலமாரியில் எந்த இடத்தில் வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

தங்கைக்குக் கோபம் வந்தது. "உனுக்குத் தீர்ப்பு வோணும். எனுக்கு எட்டாவது ஊசி வோணும். நீ கேக்கற பேப்பர வெச்சி நான் இன்னாத்த தைக்கறது?"

தாழ்வாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒதுங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டவள் அவள்.

மார்கழி நான்காம் செவ்வாய், காலை 9.50க்கு மெக்கானிக் சென்னையிலிருந்து வந்தார். மிஷினின் பின்பக்கத்தைக் கழற்றி, பல் தேய்ந்துபோன சிறிய சக்கரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. 1.30க்கு எட்டாவது ஊசி இறங்கியது. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தங்கை வாய்விட்டு எண்ணினாள். அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெண்ணின் பொங்கல் ஜாக்கெட்டை மிஷினில் மாட்டிவிட்டாள். தை பிறந்து இரண்டு வாரத்தில் கல்யாண ஜாக்கெட்டுகள் மட்டும் பதினேழு வந்திருந்தன. கட்டில் இன்னும் வெளியில்தான் கிடக்கிறது. துணி கொண்டுவருகிறவர்கள் அதில் உட்காருகிறார்கள்.

இதில் ஒரு விஷயத்துக்கு மட்டும் தேதி கிடைக்கவில்லை. பொங்கலுக்கு முன் சூப்பர்வைசர் போன் செய்து, வருகிறாயா இல்லையா என்று கேட்டிருக்கிறாள். தங்கை வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக் போன பிறகுதான் அந்த போன் வந்தது என்கிறார் மாப்பிள்ளை. "இல்லவே இல்ல, அதுக்கு மின்ன வெள்ளிக்கெயமையே வந்துச்சி, ஏழு ஊசியோட கீறப்பவே வரலன்னுட்டேன்" என்கிறாள் தங்கை. அவளுடைய அந்தப் போன் பழுதாகி மாற்றியாயிற்று. சூப்பர்வைசரைக் கேட்டேன், நினைவில்லை என்றாள். குறிப்பேட்டில் அந்த வெள்ளிக்கும் அந்தச் செவ்வாய்க்கும் நடுவில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: எந்த நாள் என்பது சரிபார்க்கப்படவில்லை.