2142-ஐத் திருப்பாமல் வந்த நாள்

போன வாரம் வீட்டில் இணையம் படுத்துவிட்டது. சரிசெய்ய வந்த கம்பெனித் தம்பி ரவுட்டரின் முதுகிலிருந்த துளையில் ஓர் ஊக்கை விட்டுக் குத்தினான். பழைய கடவுச்சொல், அமைப்பு எல்லாம் போயே போச்சு. "அம்புட்டுதான்க்கா" என்றான். எதையும் அழிக்காமல் பெட்டியைத் திறந்தவள் நான். சூடேறிய பெட்டியின் தூசி வாசனை என்னை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்போது தச்சநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஸ்ரீவைகுண்டத்துக் கல்லூரி ஒன்றில் புது இணைய லைன் போட்டிருந்தார்கள். அதை ரவுட்டரில் சேர்க்கக் கடவுச்சொல் வேண்டும். அது தெரிந்தவரோ சவூதிக்குப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. மறுநாள் மாலைக்குள் பிள்ளைகள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாக வேண்டும். கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளப்புள்ள, ஒனக்கு முடியாட்டா இப்பமே சொல்லிரு. பையன் ஒருத்தன அனுப்புதேன்."

"நானே பாக்கேன், அண்ணாச்சி."

வாய் சொல்லிவிட்டது. பஸ்ஸில் ரவுட்டர் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விஷயம் இதுதான்: பெட்டியை அணைத்துப் போட்டு, முதல் ஒரு நிமிடத்துக்குள் 'பிரேக்' பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு அதன் தொடக்க எண்ணை 2142 என்று மாற்றினால், சேமித்து வைத்த அமைப்பைப் படிக்காமலே எழும்பும். கடவுச்சொல்லும் கேட்காது. ஆனால் கடை தந்த லேப்டாப்பில் அந்தப் பொத்தானே இல்லை! கல்லூரி லேபில் பழைய கீபோர்டு ஒன்றைத் தேடி மாட்டினேன். ஐந்து முறை தவறி, ஆறாவது முறை வழிக்கு வந்தது. பழைய அமைப்பை மீட்டு, புது லைனைச் சேர்த்து, புதுக் கடவுச்சொல் வைத்துச் சேமித்தேன். லேப் பொறுப்பாளர் திரவியம் சார் காப்பி வாங்கித் தந்தார். பெரிய இவள் மாதிரி கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. எண்ணைப் பழையபடி 2102க்குத் திருப்பவே இல்லை! கரண்ட் வந்ததும் பெட்டி மறுபடி எல்லாவற்றையும் மறந்துதான் எழும்பும். திருநெல்வேலி பஸ் எதிரே உறுமிக்கொண்டு நின்றது. பேசாமல் ஏறியிருக்கலாம், காலையில் ஒரு பையன் வந்து சரிசெய்திருப்பான். அந்த நினைப்புதான் பொறுக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன்.

"தப்பு என்மேலதான் சார். அஞ்சு நிமிசம் குடுங்க."

"பைய செய்யும்மா. கரண்டு வரட்டும்" என்றார் சார்.

வந்தது. திருப்பினேன். நம்பிக்கையில்லாமல் நானே மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் விண்ணப்பங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அண்ணாச்சி அதற்குப் பிறகு பையன் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தக் கடை இப்போது இல்லை. ரவுட்டரையும் கல்லூரிக்காரர்கள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். நான் வைத்த கடவுச்சொல் அன்று அண்ணாச்சியிடம் சொன்னதுதான்: நானே பாக்கேன். விரலுக்கு இன்னும் மறக்கவில்லை. கேட்கத்தான் பெட்டி இல்லை.