சும்மா இருக்க ஓர் அனுமதி

என் வீட்டுக்காரர் எங்கள் ஊரில் பிறந்தவர். கல்வராயன் மலை அடிவாரத்தில், கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிற ஊர். அங்கேதான் அவருக்குத் தொப்புள்கொடி அறுத்தார்கள். ஆனால் சர்க்கார் கணக்கில் அவர் வெளிநாட்டுக்காரர். சின்ன வயதில் அப்பாவோடு மலேயாவுக்குக் கப்பலேறிப் போய், ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, அந்த நாட்டுக் குடிமகனாகி, ஓய்வும் பெற்றார். முதல் மனைவி அங்கேயே தவறிவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. சொந்தபந்தத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மலை மேல் கரியாலூரில் டீச்சர் வேலை. இனிமேல் இவளுக்கு எவன் வரப்போகிறான் என்று ஊரே கைகழுவி விட்டிருந்தது. வந்தாரே ஒருத்தர், கடல் தாண்டி! எத்தனை பேர் வாயை அடைத்தது அந்தத் தாலி!

கல்யாணமான பிறகும் அவர் நினைத்தபடி இங்கே இருந்துவிட முடியாது. ஓய்வூதியக்காரர், கையில் வருமானம் இருக்கிறது, யாருக்கும் பாரமில்லை என்று காட்டி, வருஷா வருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இங்கே எந்த வேலையும் செய்யக்கூடாது. ஓய்வு பெற்றவர் ஓய்வாகத்தான் இருக்க வேண்டும்.

இதைக் கேட்டு ஊரே சிரித்தது. "சும்மா இருக்கிறதுக்கு லைசென்ஸா? எங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு மச்சான்" என்று கிண்டல் செய்தார்கள். விடிந்தால் கழனி, பொழுது சாய்ந்தால் வீடு என்று இருக்கிற சனம். எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளையைச் சும்மா இருக்கிறான் என்று சொன்னால் அது வசவு. அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அவருக்கும் சும்மா இருக்க வராது. என் பேரில் இருந்த நிலத்தில் இறங்கினார். முதல் நாள் கலப்பையைப் பிடித்தபோது மாடு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரே வருஷத்தில் ஊரில் அவரைப்போல நேராகச் சால் ஓட்டுகிறவர் இல்லை என்று ஆகிவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வரும்.

"சர்க்காரே சும்மா உக்காருன்னு எழுதிக் குடுத்திருக்கு. உங்களுக்கு ஒரு எடத்துல உக்காரத் தெரியுதா?"

"ரயில்வேயில காலமெல்லாம் இரும்புச் சத்தம் கேட்டுட்டேன்டி. மண்ணுக்குச் சத்தமே கெடையாது பாரு" என்பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை போலீஸ் விசாரணை வரும். எங்கள் பக்கத்து ஸ்டேஷன் ஏட்டையா நல்ல மனுஷன். நாளைக்கு வருகிறேன் என்று பஸ் கண்டக்டரிடம் முதல் நாளே சொல்லி அனுப்புவார். மறுநாள் இவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுப் பேப்பரோடு உட்காருவார். பக்கத்தில் நான் சொம்பில் மோர் வைப்பேன்.

"இன்னாங்க, சும்மா இருக்கீங்களா?" என்பார் ஏட்டையா.

"சும்மாதாங்க இருக்கேன்."

கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளையாய்த் தெரியும். ஏட்டையா அதைப் பார்க்காத மாதிரி மோரைக் குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போவார். அவர் பஸ் ஏறியதும் வெள்ளை வேட்டி கொடிக்குப் போய்விடும்.

இப்படி மூன்று தடவை ஆயிற்று. ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்துவிட்டால் இந்தியக் குடியுரிமைக்கே மனுப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இன்னும் ஒரே ஒரு தடவை புதுப்பித்தால் போதும். பிறகு அவரை யாரும் என்னிடமிருந்து அனுப்ப முடியாது. நான் அந்த ஒரு தடவைக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜில்லாக்கள் முழுக்கச் சாலை மறியல். ஒரு வாரம் ரோட்டில் ஒரு வண்டி ஓடவில்லை. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். என் தம்பி அதில் முன்னால் நின்றான். கோபக்காரன், ஆனால் மனசில் கள்ளம் கிடையாது. பெரிய பரீட்சை எழுதி, மார்க் எடுத்தும் வேலை கிடைக்காமல் கலப்பை பிடித்தவன். அவன் கோபம் எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது.

"கேக்கறது நியாயம்தான்டா. மரம் இன்னா பண்ணுச்சு, பாவம்?" என்று மட்டும் கேட்டாராம்.

"நீ சும்மா இரு மாமா" என்றானாம் தம்பி. அந்த வாரம் முழுவதும் தம்பி ரோட்டில் இருந்தான், இவர் சம்பாவுக்கு உழுதுகொண்டிருந்தார்.

நான் பஸ் இல்லாமல் கரியாலூரிலேயே மாட்டிக்கொண்டேன். முதல் பஸ் ஓடிய அன்று இறங்கிப் பார்த்தால், ஸ்டாப்பிங்கில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் காலையிலிருந்து நின்றிருக்கிறார். "பசியாறியாச்சா?" என்றார். சாப்பிட்டாயா என்பதை அவர் மலேயா வழக்கத்தில் அப்படித்தான் கேட்பார். ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது.

மறியல் முடிந்ததும் கேஸ் ஆரம்பித்தது. மரம் வெட்டினது யார், ரோட்டை மறித்தது யார் என்று போலீஸ் ஊர் ஊராக வந்தது. ஆம்பிளைகள் கரும்புத் தோட்டத்தில் போய்ப் படுத்தார்கள். தம்பியும் அங்கேதான். சாப்பாட்டுக்கு மட்டும் எட்டிப் பார்ப்பான். எங்கள் ஏட்டையாவை எங்கேயோ பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்கள். இவருடைய அனுமதி விசாரணை, தெற்கேயிருந்து வந்திருந்த ஒரு புதுப் போலீஸ்காரர் கைக்குப் போனது. அவருக்குக் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பும் வழக்கம் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் நேராக வந்து நின்றார்.

நான் பள்ளிக்கூடத்தில். என் வீட்டுக்காரர் மனுவில் ஒட்டுவதற்குப் போட்டோ எடுக்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தார். வீட்டில் சோற்றுக்கு வந்த தம்பி மட்டும் இருந்தான். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அவனுக்கு உயிரே போய்விட்டது.

"இந்த வீட்டுல இருக்காரே, அவரு என்ன செய்யுறாரு?" என்று கேட்டாராம் போலீஸ்காரர்.

தம்பிக்கு மரம் வெட்டின கேஸைத் தவிர வேறு எதுவும் மூளையில் ஓடவில்லை. மாமாவையும் அதில் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தான்.

"அவரா? அவரு அந்த வாரம் பூரா ரோட்டுப் பக்கமே தல வெக்கலைங்க. கழனியில ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. வேணும்னா ஊரையே கேளுங்க!"

ஊர் சும்மா இருக்குமா? எதிர் வீட்டுப் பெரியம்மா ஓடிவந்தாள். "சத்தியமா சொல்றேங்க. விடியறதுக்குள்ள ஏர் பூட்டிடுவாரு. தங்கமான மனுசன். ஒரு நாழி சும்மா உக்கார மாட்டாரு" என்றாள்.

"அந்த வாரம் மட்டுமா?"

"இன்னாங்க இப்டி கேக்குறீங்க? வந்த நாள்லேர்ந்து அவரு கைதாங்க அந்தக் கழனியில" என்றாள் பெரியம்மா. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு மனுஷனைப் பற்றி எங்கள் ஊரில் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு அதுதான். எவ்வளவு உண்டோ அவ்வளவையும் அள்ளிக் கொட்டினார்கள். போலீஸ்காரர் பொறுமையாக எழுதி, படித்துக் காட்டினார். தம்பி கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும், "அக்கா, மாமாவ காப்பாத்திட்டேன்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் இவரும் வந்துவிட்டார், கையில் போட்டோ கவரோடு. முழுவதும் கேட்டார். தம்பியைத் திட்டவில்லை. கவரை அலமாரியில் வைத்துவிட்டு, "சரி, கோப்பி போடு" என்றார்.

"அட பாவி, நாசமாப் போச்சேடா!" என்று நான்தான் கத்தினேன். தம்பிக்கு விஷயம் விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அப்படியே சுவரோரம் குந்திவிட்டான்.

புதுப்பிக்க முடியாது, நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாவட்ட ஆபீசுக்கு ஓடினோம். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"விவசாயம் பண்றார்னு உங்க தம்பியே கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா. நான் என்ன பண்ண?"

"சொந்தப் பொண்டாட்டி நெலத்துல ஏர் ஓட்டறது ஒரு வேலையா சார்? நாளைக்கு எனக்குக் கெணத்துல தண்ணி சேந்திக் குடுத்தா அதையும் வேலைன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டேன். இவர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்குத் தம்பி வந்து நின்றான். "நான் போயி உண்மைய சொல்லிடறேன் மாமா. பயந்துக்கினு ஜாஸ்தியா சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றான்.

"எதுக்குப் பயந்தேன்னு கேப்பான். மரம் வெட்டினேன்னு சொல்லுவியா? உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடா. நான் போனா திரும்பி வந்துடலாம். நீ உள்ள போனா கேஸு எப்ப முடியும், யாருக்குத் தெரியும்?" என்றார் இவர்.

எனக்கு அந்த நேரம் என் தம்பி உள்ளே போனால் போகட்டும் என்றிருந்தது. இதை எழுதக் கூசவில்லை. நான் கட்டினவள்.

நானும் வருகிறேன் என்றேன். "அங்க எனக்கு ஒரு ரூம்கூட இல்ல. வேலைய விட்டுடாத. ஒரே வருசம், புது அனுமதி வாங்கிக்கினு வந்துடறேன்" என்றார். அவரும் கடைசியில் எங்களைப்போல "வாங்கிக்கினு" என்று பேசக் கற்றுக்கொண்டிருந்தார். புறப்படும் அன்று விடியற்காலையில் காணோம் என்று தேடினால், கழனியில் மிச்சமிருந்த ஒரு மூலையை உழுதுகொண்டிருக்கிறார். இனி யாருக்குப் பயம்? நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

மலேயாவில் ஒரு பழைய ரயில்வேக்காரர் வீட்டின் பின்கட்டில் இருந்தார். "இங்கே சும்மாதான் இருக்கிறேன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பார். என்னால்தான் அதைப் படிக்க முடியாது. புது மனு எங்கெங்கோ சுற்றியது. ஒரு வருஷம் போய், அடுத்த வருஷமும் பாதி போயிற்று. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குத் தந்தி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. அங்கேயே எரித்துவிட்டார்கள்.

உடம்பு இல்லாமலே இங்கே கருமாதி செய்தோம். அந்தக் கள்ளக்குறிச்சிப் போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். எதிர் வீட்டுப் பெரியம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

"விடியும் முன்னே ஏர் பூட்டி
வெயில் சாய வூடு வந்த
ஒரு நாழி குந்தலியே
ஒழைச்ச கையி எங்க சாமி..."

அதுவரை பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தம்பி, வட்டத்துக்கு நடுவில் வந்து விழுந்தான்.

"அதச் சொல்லாத பெரிம்மா! ஒழைச்சாருன்னு சொல்லாத! ஒரு வேலையும் செய்யலன்னு சொல்லுங்க. சும்மாதான் இருந்தாரு எங்க மாமா, சும்மாதான் இருந்தாரு..." என்று தரையில் அடித்துக்கொண்டு கத்தினான்.

பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய்த் தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு அவன் கேட்ட மாதிரியே, சும்மா இருந்த மகராசா என்று சொல்லி, முதல் ஆளாக நான் அழுதேன்.