அண்ணியை நேராக நடக்கவைத்த கதை

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நல்லவன்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன். நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி அல்ல, அவன் மனைவியைப் பற்றி. அவனை விட்டுவிட்டு அண்ணியைச் சொல்ல முடியாது என்பதால் அவனும் வருகிறான்.

அண்ணி ஒரு பெரிய துணிக்கடையின் மாடியில் ஆல்டரேஷன் பார்க்கிறார். வாடிக்கையாளரை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, தான் கீழே மண்டி போட்டு, உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேன்ட் காலை மடித்துக் குத்துவார். கடைப் பெண்களுக்கு அவர் குண்டூசி அக்கா. வாயில் ஊசி இருந்ததால் எத்தனையோ சண்டைகளிலிருந்து தப்பித்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் வயிற்றில் நான்கு முறை கத்தி பட்டிருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் சிசேரியன். அப்புறம் பித்தப்பை சீழ் பிடித்து, வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு நீள வெட்டு. அந்த முறை பிழைத்து வந்ததே பெரிது. பிறகு சிசேரியன் தையல் உள்ளே விட்டுப்போய்க் குடல் பிதுங்கியதில் ஹெர்னியா ஆபரேஷன். எல்லாம் ஆறின, ஆனால் வயிறு வயிறாக இல்லை. தழும்பு இருந்த இடமெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. கீழே தோல் மடிந்து தொங்கியது. மடிப்புக்குள் வேர்த்து வேர்த்துப் புண். மண்டி போட்டால் அந்தச் சதை வந்து மடியில் உட்காரும்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் அம்மா பதறிப்போய், "ஐயோ, இந்த நிலைமையில கீழ உக்காரலாமா? எத்தனை மாசம்?" என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில், பாங்கில், வாசலில் என்று வருஷக்கணக்காக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்தவர் அண்ணி. "ஏழு" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, நல்லபடியா பெத்துப் பிழைக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். சில மாதம் கழித்துத் திரும்ப வந்தார், கையில் ஒரு சின்னச் சட்டையோடு. "என்ன குழந்தைம்மா?" அண்ணி மேசைக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டு, "பொண்ணு" என்றாராம். நாற்பத்தாறு வயதில். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

அந்த வாரமே தனியாக ஒரு பெண் சர்ஜனிடம் போனார். தொங்கும் தோலை வெட்டியெடுத்து, மேல்வயிற்றுத் தோலைக் கீழே இழுத்துத் தைக்கிற ஆபரேஷன். டாக்டரம்மா முதலில் மறுத்துவிட்டார். இழுக்கப்போகும் தோலுக்கு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் ரத்தம் வரவேண்டும். விலா ஓர வெட்டு அந்த வழியை ஏற்கெனவே அடைத்திருக்கிறது. ரொம்ப இழுத்தால் தழும்புக்குக் கீழே தோல் செத்துப்போகலாம் என்றார். அண்ணி மூன்று தடவை போய் நின்றார். கடைசியில், "கொஞ்சமாத்தான் எடுப்பேன். அப்புறம் ரெண்டு வாரம் குனிஞ்சுதான் நடக்கணும், காலை மடக்கித்தான் படுக்கணும். தையல்ல இழுவை விழவே கூடாது" என்று ஒப்புக்கொண்டார்.

வீட்டில் அண்ணி சொன்னது வேறு. "ஹெர்னியா திரும்ப வந்திருச்சுங்க."

ஏன் பொய்? பித்தப்பை ஆபரேஷனின்போது அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். "உயிரைக் காப்பாத்தத் தவிர இனி இவ வயித்துல ஒருத்தனும் கத்தி வைக்கக் கூடாது" என்று அன்றைக்குச் சொன்னவன் அவன். அழகுக்காக என்று காதில் விழுந்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே படுத்துவிடுவான். அதனால் வீட்டில் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் அண்ணி கேட்டுக்கொண்டார். அவரும் அது உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பிடித்தது சனி. முன்பு ஹெர்னியா ஆபரேஷன் முடிந்தபோது ஒரு நர்ஸ், "குனிஞ்சு நடக்காதீங்க, கூன் விழுந்துடும், நிமிர்ந்து நடங்க" என்று அதட்டியிருந்தாள். அண்ணன் அதை வேதவாக்காகப் பிடித்து வைத்திருந்தான். இப்போது லீவு போட்டுவிட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடத்தினான்.

"நேரா நில்லு. நிமிரு. இன்னும் கொஞ்சம்."

"இந்தத் தடவை குனிஞ்சு நடக்கச் சொன்னாங்கங்க."

"யார் சொன்னது? அதே ஹெர்னியாதானே? இரு, டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுடறேன்."

அண்ணி நிமிர்ந்தார்.

நான் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இதுதான் நடந்தது. போனை எடுக்கிறேன் என்பான், அவர் நிமிர்வார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். "விடேன்டா, வலிக்குது பாரு அவங்களுக்கு" என்று கத்தினேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருடி" என்றான். படுக்கும்போதும் காலை நீட்டிவிட்டு அழுத்தி வைத்தான். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வாரம் தாண்டியதும் ஒரு காலையில் அண்ணியின் நைட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. வாடை வேறு. நான் விலக்கிப் பார்த்தேன். நடுவில் தையல் வாய் பிளந்திருந்தது. விலாத் தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் கிடந்தது. "அவர்கிட்ட சொல்லாதே" என்று என் கையைப் பிடித்தார். காய்ச்சலில் கையெல்லாம் கொதித்தது. நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில், கட்டுப் போடும் அறையில், பார்த்ததுமே டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "யார் உங்களை நிமிர்ந்து நடக்கச் சொன்னது?"

"நானாத்தான் நடந்தேன் மேடம்" என்றார் அண்ணி.

"இல்ல மேடம், நான்தான்" என்றான் அண்ணன், ஏதோ பரிசு வாங்கப்போகிறவனைப் போல. "ஹெர்னியாவுக்கு அப்படித்தானே?"

"எந்த ஹெர்னியா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அண்ணியைப் பார்த்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். அப்புறம் அண்ணியே சொன்னார், ஏழு மாதம், பொண்ணு, சின்னச் சட்டை எல்லாவற்றையும். கறுத்த தோலை இன்றைக்கே வெட்டியெடுக்க வேண்டும், பள்ளம் ஆற மாதக்கணக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா தியேட்டரைத் தயார் செய்யப் போனார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றான்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்." அண்ணி பக்கத்தில் வந்து, "நீ எப்படி இருந்தா என்ன? என் கண்ணுக்கு நீ ஒருநாளும் அசிங்கமாத் தெரிஞ்சதில்லையே" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். எனக்கே அந்த நேரம் கோபம் இறங்கியது.

அண்ணிக்கு இறங்கவில்லை. "எப்படித் தெரியும்? நீங்க பாத்தாத்தானே? ஒவ்வொரு தடவையும் தையல் ஆறிடுச்சான்னு பாத்தீங்க. ஆறினதும் துணியை இழுத்து மூடிட்டீங்க. அப்புறம் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பலையே. அதைத் தூக்கிக்கிட்டு நடந்தது நான்தானேங்க."

சக்கரக் கட்டிலைத் தள்ள ஆள் வந்துவிட்டார். அண்ணன் கட்டிலின் கம்பியைப் பிடித்து நிறுத்தினான். "ஒரு நிமிஷம்" என்றான். போர்வையை இரண்டு கையாலும் விலக்கினான். கறுப்பு, சீழ், பிளந்த தையல், பழைய தழும்புகள், எதையும் விடாமல் குனிந்து பார்த்தான். அண்ணி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் திரும்பி, அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மூடட்டுமா?" என்று அண்ணன் கேட்டது காதில் விழுந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார் அண்ணி.