அத்தானைக் கேலி செய்த கேசட்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். எழுபதுகளின் நடுவில் பஹ்ரைனில், குதைபியாவில், மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றில் குடியிருந்தோம். அவர் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். எனக்குச் சமையல், இரண்டு பிள்ளைகள், அப்புறம் பேச்சு.

அந்த நாளில் எங்கள் கட்டடத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புவதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு உட்காருவோம். அது ஓடினால் அதன் இரைச்சல்தான் பதிவாகும். வேர்த்து விறுவிறுக்க ஒரு மணி நேரம் பேசி, லீவில் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். ஊரில் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கூடி உட்கார்ந்து கேட்கும். தனக்கு மட்டும் என்று ஒருத்தரும் கேசட் கேட்டதில்லை. அதனால் நாங்களும் கூட்டத்துக்குப் பேசுகிற மாதிரியே பேசுவோம். பெயர் சொல்லிக் கேலி பண்ணுவோம், மாமியாரை இடிப்போம். இந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று தோன்றினால் அதற்குக் கொஞ்சம் இடம்கூட விடுவோம்.

என் அக்கா இருந்தது ரங்கூனில். நாங்கள் பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உடுத்திய துணியோடு மெட்ராசுக்குக் கப்பல் ஏறினோம். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தான் பள்ளிக்கூட வாத்தியார், அந்த நாட்டுக் குடியுரிமைக்காரர். 'நான் எங்கேயும் வருவதாக இல்லை' என்றுவிட்டார். அப்புறம் அந்த நாடு கதவைச் சாத்திக்கொண்டது. லேசில் யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அக்காவிடமிருந்து கடிதம் வரும். நாலே வரி. நாங்கள் சௌக்கியம், மழை அதிகம், பூனை குட்டி போட்டிருக்கிறது, உங்கள் சௌக்கியத்துக்குப் பதில் போடவும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாலு வரிக்கு மேல எழுதினா இவளுக்குக் கை தேஞ்சிடுமா?" என்று கத்துவேன். நடுவில் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

எங்களுக்குத் தெரிந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார். அவருடைய கப்பல் ரங்கூனுக்குப் போகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனாமா கடைத்தெருவில் சின்னதாக ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன். ஒரு கேசட் முழுக்கப் பேசினேன். இரண்டையும் புடவையில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன்.

என்ன பேசினேன்? அத்தானுக்கும் எனக்கும் எப்போதுமே வாய்ச்சண்டைதான். என்னை 'வாடி குட்டிச்சாத்தான்' என்றுதான் கூப்பிடுவார். மச்சினி கேலி பண்ணாமல் வேறு யார் பண்ணுவது? அங்கே அரிசிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை எடுத்துக்கொண்டேன். "என்ன அத்தான், பையைத் தூக்கிட்டு அரிசிக்கு கியூவுல நிக்கிறீங்களாமே! அன்னைக்கு எங்களைக் கப்பல் ஏத்திவிட வந்தப்ப என்னா வீறாப்பு! 'இந்தப் பட்டாளத்தானுங்களுக்கு லெஃப்ட் ரைட் போடத்தான் தெரியும், அரிசி அளக்கத் தெரியாது, ரெண்டே வருஷத்துல ஓடிடுவானுங்க'ன்னு சொன்னீங்களே, ஓடினானுங்களா?" இவ்வளவும் சொல்லிவிட்டு, சிரிப்பதற்கு இடமும் விட்டேன்.

நாலு மாதம் கழித்துத் தூத்துக்குடிக்காரர் வீட்டுக்கு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது, எடுக்கவே இல்லை.

"மதினி, கேசட்ட நான் அக்கா கைலதான் கொடுத்தேன். அன்னைக்குச் சாயந்தரமே போட்டாவ. தெருவுல உள்ள ஆளுவ பூரா வந்துட்டு. நீங்க சாரக் கேலி பண்ணதும் அந்த வீடே சிரிச்சுச்சு. சாரும் சிரிச்சாவ."

"நல்லதாப் போச்சு. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"கப்பல் அங்க பத்து நாளு கெடந்துச்சு. நாலாம் நாளு மறுக்கா போனேன். அக்கா மட்டுந்தான் இருந்தாவ. முந்தின நாளு காலையில சர்க்கார் ஆளுவ வந்து சாரக் கூட்டிட்டுப் போயிட்டானுவளாம். மிஷினையும் கேசட்டையும் எடுத்துட்டுப் போயிட்டானுவ."

"எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்காவையும் கூப்பிட்டு விசாரிச்சிருக்கானுவ. உங்க பேச்சப் போட்டுக் காமிச்சு, 'இது உன் தங்கச்சி கொரலுதானே'ன்னு கேட்டானுவளாம். அக்கா ஆமான்னு சொல்லிட்டாவ. வேற என்னத்தச் சொல்ல முடியும்?"

ஐயோ! என் குரல். வெள்ளிக்கிழமை காலையில், பக்கத்து அறையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, நான் பேசிய குரல். அதை ஏதோ ஒரு மேஜையில் வைத்து, முன்னால் அத்தானை நிறுத்தித் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. காது இரண்டும் அடைத்துப்போய்விட்டது. மச்சினி அத்தானைக் கேலி பண்ணினதற்கு ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போவார்களா? கேலிக்கா? என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கி அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.  அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருத்தர்தான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். 

என்னைச் சும்மா இருக்கச் சொன்னால் இருப்பேனா? அந்தக் குளிர்காலத்தில் தில்லியிலிருந்து வெளியுறவு அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நம்மவர்கள் சேர்ந்து அவருக்கு விருந்து வைத்தார்கள். தமிழ்க்காரர்தான் என்று தெரிந்ததும் நேரே போய் அவர் எதிரில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கையில் குலாப் ஜாமூன் கிண்ணத்தோடு பொறுமையாகவே கேட்டார்.

"வருத்தமான விஷயந்தாம்மா. ஆனா அது அவங்க உள்நாட்டு விவகாரம். நமக்கும் அவங்களுக்கும் நல்ல உறவு இருக்கு, நடுவுல எல்லை இருக்கு. உங்க அத்தான் நம்ம பிரஜையும் கிடையாது."

"பிரஜை இல்லேன்னா மனுஷன் இல்லையா சார்?"

பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் ஐஸ்கிரீம் எடுக்கிற சாக்கில் நழுவினார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க. நாங்க போய்க் கேட்டோம்னா, இவனுக்கு வெளிநாட்டோட தொடர்பு இருக்குன்னு இன்னொரு குத்தம் சேரும். நீங்க சும்மா இருக்கறதுதான் அவருக்குச் செய்யற பெரிய உபகாரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்பது ஒரு பக்கம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. நான் வாயைத் திறந்ததால்தானே அத்தான் உள்ளே போனார்? மறுபடியும் திறந்தால்? அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை. சும்மா இருந்தேன். என் ஆயுளில் அதற்கு முன்னால் நான் சும்மா இருந்ததே கிடையாது.

கடிதம் நின்றுபோனது. அக்கா உயிரோடு இருக்கிறாளா, அத்தான் இருக்கிறாரா, எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் மற்ற ஃபிளாட்டுகளில் கேசட் பேசுவது மட்டும் நடந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை எதிர்வீட்டு அம்மாள், "நீயும் எங்க அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லேன்" என்று ரிக்கார்டரை என் பக்கம் திருப்பினார். பதிவு செய்கிற அந்தச் சிவப்புப் பொத்தான் கண்ணில் பட்டது. செருப்பைக்கூடப் போடாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நாள் நீலக் காகிதத்தில் அக்காவின் கையெழுத்து. 'அவர் வந்துவிட்டார். சௌக்கியம்.' நாலு வரிகூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் குதித்தேன், சத்தியமாகக் குதித்தேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள். பிறகு எப்படியோ அனுமதி வாங்கி இருவரும் மெட்ராஸ் வந்து சேர்ந்தார்கள். என் வீட்டுக்காரர் தெரிந்த ஓர் அரபி முதலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி, அவரையே கஃபீலாக, அதாவது வேலைக்கு வருகிறவருக்குச் சட்டப்படி பொறுப்பாளராக, இருக்க வைத்து, அத்தானுக்கு ஸ்டோர் கீப்பர் விசா எடுத்தார். அக்காவும் கூடவே வந்தாள்.

விமான நிலையத்தில் அத்தானை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடியெல்லாம் நரைத்து, பாதி ஆளாக வந்தார். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆகியும் கேட்டதற்கு மட்டும் பதில், மற்ற நேரம் மௌனம். அவர் என்னைத் திட்ட வேண்டும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்?

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தான், உங்களை மாட்டிவிட்டது நான்தான். ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறீங்க? ரெண்டு அறை அறைஞ்சாக்கூட வாங்கிக்குவேன். சொல்லுங்க அத்தான், அங்க என்ன நடந்துச்சு? வாயத் திறந்து சொல்லுங்க!" என்னையும் அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் சட்டென்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். சோற்றுக் கையோடு இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேனுங்க. எழுதிக் குடுக்கணுங்களா?"

அக்கா பதறவில்லை. பழகிப்போனவள் மாதிரி அவர் முழங்கையைத் தொட்டு, "ஒண்ணுமில்லீங்க, இது தங்கச்சிதான், தங்கச்சி வீடுதான், உக்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார். நான் தலையை அசைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.